சம்பந்திகள் தீட்டிய சுவர்

அந்த ஃப்ளாட்டில் எல்லாச் சுவர்களும் ஏதாவது ஒரு வேலை பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்று டிவியைச் சுமந்தது. ஒன்று அலமாரிக்கு முதுகு கொடுத்தது. இன்னொன்றில் ஜன்னல், ஜன்னல் நிறைய பக்கத்துக் கட்டடத்தின் கழிவுநீர்க் குழாய்கள். கூடத்தில் சோபாவுக்கு நேர் எதிரே இருந்த சுவர் மட்டும் ஒரு வேலையும் இல்லாமல் வெள்ளையாக நின்றது. ஓர் ஆணிகூட அதில் கிடையாது. வீட்டுக்காரி வேண்டுமென்றேதான் அதை அப்படி விட்டுவைத்திருந்தாள்.

அவளுக்கு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. காலையில் போனால் சாயங்காலம்வரை சாம்பல் நிறத் திட்டுகள்தான். யாருடைய நெஞ்சிலோ ஒரு படலம், யாருடைய இடுப்பிலோ ஒரு கீறல். படம் சரியாக விழுந்திருக்கிறதா, இது நிழலா நோயா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் சோபாவில் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து அந்த வெள்ளைச் சுவரைப் பார்ப்பாள். கையில் இருக்கும் டீ ஆறும்வரை பார்ப்பாள். அதில் ஒன்றும் இருக்காது. அந்த ஒன்றும் இல்லாததுதான் அவளுக்கு நாள் முழுக்க உழைத்ததன் கூலி.

பெண் ஒருத்தி இப்படி நிம்மதியாக உட்கார்ந்திருந்தால் பிறந்த வீடும் புகுந்த வீடும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா என்ன?

அவளுடைய அப்பா பல் டாக்டர். மாமனார் வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு வேலைக்குத்தானே தவிர பதவிக்கு இல்லை என்று நினைத்தவர் ஆதலால், வீட்டிலும் தெருவிலும் எல்லாரும் தன்னை மேனேஜர் என்றே கூப்பிட வேண்டும் என்று எதிர்பார்த்தார். கூப்பிட்டும் தொலைத்தார்கள். சம்பந்திகள் இருவருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்று: இருவரும் இயற்கைக் காட்சி வரைபவர்கள். கல்யாணப் பேச்சு நடந்தபோது இதை ஒரு பொருத்தம் என்று சொல்லிச் சந்தோஷப்பட்டவர்கள்கூட உண்டு. அவர்களை இப்போது தேடிப் பிடிக்க முடியவில்லை.

மேனேஜர் பிரஷ் கட்சி. வரையக் கற்றுக்கொள்வதற்கு முன்பே அவர் பிரஷ்களை வாங்கி முடித்துவிட்டார். தட்டை, உருண்டை, விசிறி என்று எல்லாவற்றையும் ஒரு துணிச்சுருளில் வரிசையாகச் செருகி வைத்திருப்பார். நகைக்கடைக்காரர் வைரத்தைக் காட்டுகிற பாவனையில் அதை மேஜைமேல் விரிப்பார். பிறகு உலர் பிரஷ் முறையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். பிரஷ்ஷைப் பெயிண்ட்டில் தொட்டு, தொட்டதில் முக்கால்வாசியைத் துணியில் துடைத்துவிட்டு, மிச்சத்தைச் சொரசொரப்பான பரப்பின்மேல் சாய்வாக இழுக்க வேண்டும். மேட்டில் நிறம் பிடிக்கும், பள்ளத்தில் பிடிக்காது, பாறை தானாக எழுந்து நிற்கும். முறை சரிதான். அவர் கையில்தான் அது எழுந்து நிற்க மறுத்தது.

"இவர் வரைஞ்ச மலையைப் பாத்துட்டு எதிர்வீட்டுக்காரர், யானை ஏன் படுத்துக்கெடக்கு, ஒடம்பு சரியில்லையான்னு கேட்டார்" என்பார் அவருடைய மனைவி. கேட்கிறவர்கள் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் மேனேஜரின் முகத்தைப் பார்ப்பார்கள். அது வங்கியில் கடன் கேட்டு வந்தவர்களைப் பார்த்த அதே முகமாக இருக்கும்.

பல் டாக்டர் ஸ்பாஞ்ச் கட்சி. நோயாளி ஒருவர் கடலில் விளைகிற பஞ்சு ஒன்றைப் பரிசாகக் கொடுத்தாலும் கொடுத்தார், அன்றோடு டாக்டர் பிரஷ்ஷைப் பல் துலக்க மட்டும் என்று ஒதுக்கிவிட்டார். பஞ்சை நனைத்துப் பிழிந்து, பச்சையில் தொட்டு, காகிதத்தில் ஒரு தரம் ஒற்றிப் பார்த்துவிட்டுப் படத்தில் ஒற்ற வேண்டும். ஒவ்வோர் ஒற்றலுக்கும் மணிக்கட்டைக் கொஞ்சம் திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் பஞ்சின் அதே ஓட்டைகள் அதே வரிசையில் விழுந்து, இலைக்கூட்டம் ரப்பர் ஸ்டாம்ப் குத்தின மாதிரி ஆகிவிடும். டாக்டர் பஞ்சைப் பல் பிடுங்கும் குறடால் கவ்விக்கொண்டு ஒற்றுவார். அந்தக் கை வாழ்நாள் முழுக்கப் பிடித்தது பிடித்தபடி இழுத்துப் பழகிய கை. அது எங்கே திரும்பும்? அவருடைய காட்டில் இருந்தது ஒரே மரம்தான், கூட்டமாக நின்றது. அந்தக் காடுகளைக் கிளினிக்கில் வரிசையாக மாட்டியிருந்தார். பல்வலியோடு வந்தவர்கள் கொஞ்ச நேரம் காத்திருந்தால் தலைவலியும் சேர்ந்துகொண்டது.

இரண்டு பேருக்கும் பிடித்த சொல் டெக்ஸ்சர், அதாவது பரப்பின் மேடுபள்ளம், சொரசொரப்பு. படத்தில் மரம் இல்லாமல் இருக்கலாம், மலை இல்லாமல் இருக்கலாம், டெக்ஸ்சர் இல்லாமல் இருக்கக்கூடாது. மேனேஜர் அதை 'டெக்ஸ்ச்சூர்' என்பார். டாக்டர் 'டெக்ஸர்' என்பார். ஒருவர் சொல்லும்போது மற்றவர் காதில் எறும்பு புகுந்த மாதிரி தலையைச் சாய்ப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரே நேரத்தில் லிஃப்ட்டில் ஏறினார்கள். இருவர் கையிலும் செய்தித்தாளில் சுற்றிய பெரிய சட்டம். மேலே வந்து சேரும்வரை இரண்டு பேரும் அது என்ன என்று கேட்டுக்கொள்ளவில்லை. கதவைத் திறந்தவள் இரண்டு பொட்டலத்தையும் பார்த்தாள், பிறகு திரும்பித் தன் சுவரைப் பார்த்தாள்.

டாக்டர்தான் முதலில் பிரித்தார். "மாப்பிள்ளை எனக்காகத்தான் இத்தனை நாள் இந்தச் சுவத்தை விட்டு வெச்சிருக்கார் போல."

"என் பையன் வீட்டுச் சுவரு, சம்பந்தி. யாருக்காக விட்டு வெச்சிருக்கான்னு அவனைக் கேப்போமே" என்றார் மேனேஜர், நூலை அவிழ்த்துக்கொண்டே.

அந்தப் பையனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன். காதில் எப்போதும் ஹெட்ஃபோன் இருக்கும். அதைக் கழற்றச் சொன்னால் கழற்றி, கேட்டதற்கெல்லாம் சரி என்று சொல்லிவிட்டு மறுபடி மாட்டிக்கொள்வான். அவன் வாழ்க்கையில் இல்லை என்று சொன்ன சந்தர்ப்பம் எதுவும் அவன் அம்மாவுக்கே ஞாபகம் இல்லை. இப்போது இரண்டு பெரியவர்களும் அவனையே பார்த்தார்கள். எந்தப் பக்கம் தலையாட்டினாலும் வம்பு. அவனுக்கு ஒரு யோசனை வந்தது. அவனுக்கு யோசனைகள் வருவதில்லை, வந்திருக்கவும் வேண்டாம்.

"ரெண்டு பேரும் சேந்து ஒண்ணா வரையலாமே. பெருசா."

இருவரும் சேர்ந்து தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள் என்ற தைரியத்தில் சொன்னது. ஆனால் பெரிதாக என்ற சொல் இருவர் காதிலும் விழுந்துவிட்டது. மேனேஜர் சுவரின் அகலத்தைக் கையால் அளந்தார். டாக்டர் உயரத்தைக் கண்ணால் அளந்தார். அவ்வளவு பெரிய கேன்வாஸ் எங்கே கிடைக்கும் என்று ஒருவர் கேட்க, கேன்வாஸ் எதற்கு, சுவரிலேயே தீட்டிவிடலாமே என்று மற்றவர் சொல்ல, கல்யாணம் நடந்த நாளுக்குப் பிறகு முதல்முறையாகச் சம்பந்திகள் கைகுலுக்கினார்கள். சமையலறையில் நின்றவளுக்கு எல்லாம் கேட்டது.

அவர்கள் போன பிறகு அவள் கணவனின் ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"அப்பாவும் மாமாவும் ஒத்துப்பாங்கன்னு யார் கண்டா? சும்மா பேச்சுக்குச் சொன்னேன்."

"நீங்க சும்மா இருக்கிறதுக்குத்தானே அந்த ஹெட்ஃபோன் வாங்கிக் குடுத்தேன்" என்றாள் அவள்.

அடுத்த ஞாயிறு வேலை தொடங்கியது. சோபாவைத் தள்ளி, தரையில் பழைய போர்வைகளை விரித்து, ஏணி போட்டார்கள். இடது பக்கம் டாக்டருடைய காடு, வலது பக்கம் மேனேஜருடைய பாறையும் மலையும், மேலே இருக்கும் ஆகாயம் இருவருக்கும் பொது என்று ஏற்பாடு. ஆகாயத்தை முதல் நாளே முடித்தார்கள். ஒருவர் பிரஷ்ஷாலும் ஒருவர் ஸ்பாஞ்சாலும் முடித்ததால், பாதி ஆகாயம் பெருக்கின மாதிரியும் பாதி ஆகாயம் துடைத்த மாதிரியும் இருந்தது.

சிக்கல் கீழே இறங்கியபோதுதான் வந்தது. ஸ்பாஞ்சுக்கு ஈரம் வேண்டும். உலர் பிரஷ்ஷுக்கு, பெயரே சொல்கிறபடி, காய்ந்த பரப்பு வேண்டும். மலையடிவாரத்தில் காடு தொடங்குகிற இடத்தில் இரண்டும் சந்தித்தாக வேண்டும். யாராவது ஒருவர் ஒரு டீ குடிக்கிற நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும், பெயிண்ட் காய்ந்துவிடும். ஆனால் காத்திருப்பவர் இரண்டாவது ஆள் ஆகிவிடுகிறார் அல்லவா? மேனேஜர் வாழ்க்கையில் யாருக்காகவும் காத்திருந்ததில்லை, காக்கவைத்துத்தான் பழக்கம். டாக்டரும் அப்படித்தான், அவருக்கென்று ஓர் அறையே உண்டு மற்றவர்கள் காத்திருக்க. எனவே டாக்டர் ஈரப் பச்சையை ஒற்ற ஒற்ற, மேனேஜர் அதன்மேல் காய்ந்த சாம்பலை இழுத்தார். இழுத்த பிரஷ்ஷோடு இலையெல்லாம் வந்துவிட்டது. விட்ட இடத்தில் டாக்டர் மறுபடி ஒற்றினார், அந்த ஈரத்தில் பாறை கரைந்து ஒழுகியது. பச்சையும் பழுப்பும் சாம்பலும் கலந்து, சேற்றில் விழுந்த செருப்பின் நிறத்துக்கு வந்தது அடிவாரம்.

"பாத்திரம் தேய்க்கிற சாமானை வெச்சு மரம் வரைஞ்சா இப்படித்தான் ஆகும், சம்பந்தி. தப்பா எடுத்துக்காதீங்க."

"நான் எதுக்குத் தப்பா எடுத்துக்கறேன்? தூசி தட்டற சாமானை வெச்சு மலை வரையறவர் சொல்றதை."

மேனேஜரின் பாறைகளைவிடத் தன் மரங்கள் அதிகம் எழும்பித் தெரிய வேண்டும் என்று டாக்டருக்கு வைராக்கியம் வந்துவிட்டது. மறுவாரம் கிளினிக்கிலிருந்து, பல் அச்சு எடுத்து வார்க்கிற வெள்ளைப் பவுடரை ஒரு டப்பா கொண்டுவந்தார். அதை எமல்ஷன் பெயிண்ட்டில் குழைத்து, ஸ்பாஞ்சால் அள்ளி அள்ளி அப்பினார். டெக்ஸ்சர் என்றால் டெக்ஸ்சர். மரங்கள் சுவரைவிட்டு விரல் கனத்துக்கு வீங்கின. மேனேஜரும் விடவில்லை. கட்டட வேலை நடக்கும் இடத்திலிருந்து ஒரு பை மணலை அள்ளிவந்து தன் பெயிண்ட்டில் கலந்தார். அன்று சாயங்காலம் இருவரும் பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்கள். அடுத்த வாரம் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி என்றார்கள். கையெழுத்து வலது கீழ் மூலையில்தான் வரும், அது தன்னுடைய எல்லை என்றார் மேனேஜர். காட்டுக்கு எல்லை கிடையாது என்றார் டாக்டர்.

பவுடரும் எமல்ஷனும் ஒத்துப்போகவில்லை, சம்பந்திகளைப்போலவே. செவ்வாய்க்கிழமை மரங்கள் கொப்பளித்தன. புதன்கிழமை கொப்புளங்கள் வெடித்து ஓரத்தில் வெள்ளைப் பொடி பூத்தது.

அவள் சோபாவைத் திருப்பி ஜன்னல் பக்கமாகப் போட்டுக்கொண்டாள். கழிவுநீர்க் குழாய்கள் எவ்வளவோ தேவலை. ஆனால் முதுகுக்குப் பின்னால் அது இருக்கிறது என்று தெரிந்த பிறகு என்ன நிம்மதி? டீ ஆறுவதற்குள் திரும்பிப் பார்த்துவிடுவாள். பார்த்தால் வேலை நேரத்துப் புத்திதான் வரும். இடது நுரையீரலின் கீழ் மடலில் சளி. வலது பக்கம் நீர் கோத்திருக்கிறது. "இப்படி ஒரு படம் எடுத்தேன்னா, அந்த ஆளை வீட்டுக்கே அனுப்பமாட்டாங்க. அங்கேயே அட்மிட்" என்றாள் கணவனிடம்.

"அழிச்சிடலாமா?" என்றான் அவன், அழிக்கப்போவது தான் இல்லை என்ற தெளிவோடு.

எப்படி அழிப்பது? அப்பாவிடம் சொல்லிவிடுவாள், கோபித்தால் கோபிக்கட்டும், பெற்ற பெண்தானே. ஆனால் அப்பாவின் காட்டை அழித்தால் மாமனாரின் மலை ஜெயித்ததாகிவிடும். மாமனாரின் மலையில் கை வைத்தால் மருமகள் தன் அப்பாவின் கட்சியில் சேர்ந்துவிட்டாள் என்று ஆகும், அது அடுத்த தலைமுறைவரை பேசப்படும். இரண்டையும் சேர்த்து அழித்தாலோ, சம்பந்திகள் இரண்டாவது முறையாகக் கைகுலுக்குவார்கள், அவளுக்கு எதிராக. பூசி மெழுகவும் வழியில்லை, இந்தச் சுவரில் பூசியது போதாதா?

வியாழக்கிழமை சாயங்காலம் குடியிருப்பு நலச் சங்கத்தின் செயலாளர் மணி அடித்தார். மேல்மாடியில், இவர்கள் வீட்டுக்கு நேர் மேலே குடியிருப்பவர். இடுப்பில் ஒரு சாவிக்கொத்து. அவர் தன்னை நான் என்று சொல்லிக்கொள்வது அபூர்வம், நிர்வாகம் என்றுதான் சொல்வார். நிர்வாகம் ஊருக்குப் போயிருந்தது என்பார், நிர்வாகத்துக்கு இரண்டு நாளாக ஜலதோஷம் என்பார். தண்ணீர்த் தொட்டி கழுவப்போகிறார்கள், குழாயைத் திறக்க வேண்டாம் என்று சொல்ல வந்தவர், பாதி வாக்கியத்தில் நின்றார். கண் அவள் தோளுக்குப் பின்னால் போயிருந்தது.

"என்னம்மா அது?"

"எது சார்?"

"சுவரு."

எங்கப்பாவும் மாமாவும் வரைஞ்சது சார் என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் செயலாளர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சுவருக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்று, ஒரே சொல்லில் சொல்லி முடித்தார்.

"ஓதம்."

சுவருக்குள் ஈரம் ஊறிவிட்டது என்று அர்த்தம், வீடு வைத்திருக்கும் யாரும் கேட்க விரும்பாத சொல். அவள் காதில் அது யாரோ கதவைத் திறந்துவிட்ட மாதிரி விழுந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"ஓதமா சார்?"

"பின்னே? இதுகூடத் தெரியாமலா நிர்வாகத்துல இருக்கோம்? எத்தனை நாளா இருக்கு?"

"கொஞ்ச நாளாத்தான் சார். மொதல்ல மேல வந்துச்சு. அப்புறம் மெதுவாக் கீழ எறங்குச்சு."

அத்தனையும் உண்மை. ஆகாயத்தைத்தானே முதலில் வரைந்தார்கள்.

"பரவுதா?"

"ஞாயித்துக்கிழமையானா பரவுது சார்."

செயலாளர் யோசித்தார். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வீட்டில் இருப்பார்கள், தண்ணீர் அதிகம் புழங்கும். பொருந்தியது. "வாடை அடிக்குதா?"

"அன்னிக்கு மட்டும் அடிக்கும். மருந்து வாடை மாதிரி."

அவர் சாவிக்கொத்தில் பெரிய சாவியாகத் தேர்ந்தெடுத்து, காட்டின் நடுவில் ஒரு மரத்தைக் கீறினார். பல் பவுடர் பொலபொலவென்று உதிர்ந்தது. கையில் ஏந்தி முகர்ந்து பார்த்தார். "உப்புப் பூத்திருக்கு. பாருங்க, காரையே செத்துப்போச்சு." பிறகு வலது பக்கம் நகர்ந்து மலையைத் தட்டினார். மணல் கொட்டியது. "இந்தப் பக்கம் வெடிப்பு வேற."

அந்த நேரம் பார்த்து அவள் கணவன் உள்ளேயிருந்து வந்தான். அதிசயமாகக் காதில் ஒன்றும் இல்லை. "சார், அது வந்து, எங்கப்பா..."

"சாருக்கு ஒரு டீ போடுங்க" என்றாள் அவள். சொன்னதைச் செய்கிற பிள்ளை, போட்டான்.

அவள் அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். முகத்தில் கவலையைத் தவிர ஒன்றும் கிடையாது. "மேலேர்ந்து எறங்குதுன்னா, மேல பாத்ரூம்ல ஏதாவது ஒழுகுமோ சார்?"

செயலாளரின் கை சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டது. மேலே இருப்பது அவருடைய பாத்ரூம். சங்கத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் யாரும் பாத்ரூமில் ஓர் ஓடுகூட மாற்றக்கூடாது என்று லிஃப்ட்டில் அறிவிப்பு ஒட்டியவர் அவர். ஒட்டிய கையோடு போன மாதம்தான் யாருக்கும் தெரியாமல் தன் வீட்டில் ஒரு குளியல் தொட்டியை இறக்கியிருந்தார். யாருக்கும் தெரியாமல் என்பது அவர் நினைப்பு. தொட்டி படிக்கட்டில் ஏறியதைக் கட்டடமே பார்த்தது.

"மேலேர்ந்து எறங்கறது கசிவும்மா. இது ஓதம். ஓதம் கீழேர்ந்து மேல ஏறும். அதான் அதோட குணம்."

"மூணாவது மாடிக்குமா சார்?"

"ஓதத்துக்கு மாடி ஏது?" என்றார் செயலாளர். டீயை நின்றபடியே குடித்தார். "வெளியில யார்கிட்டயும் பேச வேண்டாம். வீணா பீதி. நாளைக்கே ஆள் வரும், சுரண்டி, மருந்தடிச்சு, பூச்சுப் பூசி முடிச்சிடுவாங்க. நிர்வாகமே பொறுப்பு."

"எங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு..."

"அதையும் நிர்வாகம் சொல்லிக்கும்."

அவள் தலையை ஆட்டினாள். மூத்தவர் ஒருவர் பொறுப்பேற்றுக்கொண்ட பிறகு மறுத்துப் பேசுவது மரியாதையாக இருக்காது.

வேலையாட்கள் வந்தார்கள். அவர்களில் மேஸ்திரி சுவரைப் பார்த்ததும், இது அந்தக் காலத்து ஓதம், ஆழமாக இறங்கியிருக்கிறது என்றார். கட்டடமே நேற்று முளைத்தது. எவ்வளவு ஆழமோ அவ்வளவு வேலை என்பது அவர் சாஸ்திரம். ஆகாயம் பட்டை பட்டையாக உரிந்தது. காடு மூட்டையாகக் கட்டி லிஃப்ட்டில் இறங்கியது. வெள்ளிக்கிழமை, சனிக்கிழமை இரண்டு நாளும் தூசு. சனிக்கிழமை சாயங்காலம் பட்டி பார்த்து, மருந்துப் பூச்சின்மேல் வெள்ளையடித்துவிட்டுப் போனார்கள். அவள் சோபாவைப் பழைய இடத்துக்குத் தள்ளினாள்.

ஞாயிற்றுக்கிழமை செயலாளர் முன்கூட்டியே வந்து சோபாவின் நடுவில் உட்கார்ந்துகொண்டார். சம்பந்திகள் வந்தபோது மேனேஜர் கையில் ஒரு மெல்லிய பிரஷ், கக்கத்தில் துணிச்சுருள்; டாக்டர் கையில் ஒரு சின்ன டப்பா, தோளில் பை. கையெழுத்து விஷயத்தில் வழி முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டு வந்ததில் இருவர் முகமும் சிவந்திருந்தது. பின்னாலேயே மேனேஜரின் மனைவி. மூவரும் வாசலில் நின்று சுவரைப் பார்த்தார்கள். சுவர் வெள்ளையாக அவர்களைப் பார்த்தது.

"நீங்கதான் இந்த வீட்டுப் பெரியவங்களா? உக்காருங்க" என்றார் செயலாளர், அது தன் வீடு என்பதைப்போல. "உங்க பிள்ளைங்க எப்பேர்ப்பட்ட ஆபத்துல இருந்தாங்கன்னு தெரியுமா? நல்லவேளை, நிர்வாகம் பாத்துச்சு. சுவரு பூராவும் ஓதம். பாசி புடிச்ச கக்கூஸ் கெட்டுது, போங்க. நான் எத்தனையோ கட்டடம் பாத்திருக்கேன், இப்படி ஒரு அசிங்கத்தைப் பாத்ததில்ல."

ஆதாரத்துக்குக் கைபேசியில் எடுத்த படத்தையும் காட்டினார். சம்பந்திகள் இருவரும் குனிந்தார்கள். செயலாளரின் கட்டைவிரல் காட்டைப் பெரிதாக்கியது, பிறகு மலையைப் பெரிதாக்கியது. மேனேஜரின் மீசை துடித்தது. "சார், அது வந்து..." என்று தொடங்கினார். டாக்டரின் முழங்கை அவர் விலாவில் இறங்கியது. மேனேஜர் டாக்டரைப் பார்த்தார், டாக்டர் கூரையைப் பார்த்தார். மேனேஜருக்கும் புரிந்துவிட்டது. அது எங்கள் படம் என்று சொல்லலாம். சொன்னால், எங்கள் படம்தான் பாசி பிடித்த கக்கூஸ் என்று சொன்னதாகும்.

பிறகு மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு, யாரோ தெரியாத வீட்டுச் சுவரைப் பற்றி விசாரிக்கிற குரலில் கேட்டார்.

"எந்தப் பக்கம் சார் ரொம்ப மோசம்?"

டாக்டரும் நிமிர்ந்து உட்கார்ந்தார். இத்தனை நாள் சண்டைக்கு ஒரு நடுவர் கிடைத்துவிட்டார் அல்லவா?

செயலாளர் பொறுப்பாக யோசித்தார். "இடது பக்கம்தான் அருவருப்பு. பூஞ்சை மாதிரி பொங்கி நின்னுச்சு."

மேனேஜர் சோபாவில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"ஆனா ஆபத்துன்னு பாத்தா வலது பக்கம்தான். பூஞ்சையைத் தொடச்சிடலாம். அந்த வெடிப்பு கட்டடத்தையே சாய்ச்சிருக்கும்."

டாக்டர் காலுக்கு மேல் கால் போட்டார்.

மேனேஜரின் மனைவி புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு சமையலறைக்குப் போனார். அங்கே மருமகள் டீ வடிகட்டிக்கொண்டிருந்தாள். "இத்தனை வருஷமா அவர் படத்துக்கு என்ன சொல்றதுன்னு தெரியாம தவிச்சேன். ஓதமாம். வெளியாள் வந்து சொல்ல வேண்டியிருக்கு பாரேன்" என்றார். பிறகு மருமகளை ஏற இறங்கப் பார்த்தார். "நீ ஒண்ணும் சொல்லலையாக்கும் அந்த ஆள்கிட்ட?"

"அவர் கேட்டதுக்குப் பதில் சொன்னேன் அத்தை."

"சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தியாப் போடு" என்றார் மாமியார்.

கூடத்தில் செயலாளர் தீர்ப்பை முடித்துக்கொண்டிருந்தார். இந்தச் சுவரில் இனி ஆணி கூடாது, பெயிண்ட் கூடாது, படம் மாட்டக்கூடாது, பூச்சு மூச்சு விட வேண்டும். எவ்வளவு நாளைக்கு என்று அவள் தட்டோடு நின்று கேட்டாள். நிர்வாகம் சொல்கிற வரைக்கும் என்றார். அவள் டீயை முதலில் அவருக்குக் கொடுத்தாள்.

கதை இங்கேயே நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் தான் யார் என்று சொல்லாமல் ஒரு வீட்டைவிட்டுக் கிளம்புவது மேனேஜரின் ரத்தத்தில் கிடையாது. டீயை உறிஞ்சியபடி, தாங்கள் இருவரும் இயற்கைக் காட்சி ஓவியர்கள் என்பதைப் பட்டும்படாமல் சொன்னார். துணிச்சுருளையும் லேசாக விரித்துக் காட்டினார். டாக்டர் பையிலிருந்து பஞ்சு எட்டிப் பார்த்தது.

செயலாளரின் கண் அகன்றது. "அப்படியா? மேல எங்க ஹால்ல ஒரு பெரிய சுவரு சும்மாத்தான் இருக்கு. வர்றவங்க பாத்தா ஒரு மதிப்பா இருக்கணும்னு ரொம்ப நாளா யோசனை." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "டெக்ஸ்சர் எல்லாம் வருமா?"

சம்பந்திகள் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

அவள் மட்டும் நினைத்திருந்தால் அந்த மனிதரைக் காப்பாற்றியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். ஆனால் அவர் ஒன்றும் கேட்கவில்லை, கேட்காமல் பதில் சொல்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

திரும்பி வந்து சோபாவில் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். எதிரே ஒன்றும் இல்லை. தலைக்குமேல் ஏணி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு இரண்டு ஆண்குரல்கள். காயட்டும் என்றது ஒன்று, ஈரத்திலேயே பண்ண வேண்டும் என்றது மற்றது.

கணவன் ஹெட்ஃபோனை ஒரு காதிலிருந்து விலக்கிக்கொண்டு வந்து நின்றான். "மேல என்ன சத்தம்?"

அவள் சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல் டீயை எடுத்துக்கொண்டாள்.

"ஓதம்" என்றாள். "ஏறுது."